டீசல் வண்டியும் சேமக்கலமும்

பண்டைத் தமிழகத்தில் உப்பு வாணிகம் செய்த உமணர், மேடும் பள்ளமும் நிறைந்த நெடுவழியில் வண்டியின் அச்சு முறியுமாயின் நடுவழியில் தவிக்க நேரும் என்று கருதி, வேறோர் அச்சினை வண்டியின் அடியிற் கட்டிக்கொண்டு சென்றனர். அதற்குச் சேமவச்சு என்று பெயர். புறநானூறு பயின்றார் இதனை நன்கறிவர். இக்காலத்து மோட்டார் வண்டிகளிலும் இத்தகைய முன்னேற்பாடு ஒன்றுண்டு. தொழிற்சாலையில் அமைத்த எண்ணெய்த் தொட்டி நெடுவழிக்குப் போதாதெனக் கண்டவர், மற்றொரு தொட்டியை வண்டியிற் பொருத்திக்கொள்வர். அதற்கு உமணர் மரபையொட்டிச் சேமக்கலம் என்று பெயரிட்டு வழங்க விழைகின்றோம். வண்டியோடு பிறந்த தொட்டியை முதற்கலம் என்போம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு எஞ்சினோடு என்ன உறவு என்று இயற்பியல் வகுப்பு நண்பர் நகைக்கக்கூடும். உமணர் அச்சினை நாம் உவமையளவில் நின்று படித்துவிடுகின்றோம். அது வண்டியில் எங்கே கட்டப்பட்டது, எத்துணைக் கனம் உடையது, எப்பொழுது அவிழ்க்கப்பட்டது என்பன போன்ற வினாக்களை எழுப்புவதில்லை. எழுப்பினால் உவமையும் சிறக்கும் என்பது எம் கருத்து. அவ்வகை வினாக்களையே சேமக்கலத்தின்மேல் எழுப்பி, விடைகளை ஈண்டுத் தொகுத்துரைக்கப் புகுகின்றோம்.

இத்தொழில் பெரிதும் ஓங்கியிருப்பது வட அமெரிக்காவில். அங்கே உழவரும் கட்டட வேலையாளரும் குதிரை வளர்ப்போரும் பிக்கப் என்னும் சிறு லாரியை வைத்திருக்கின்றனர். முன்னே ஓட்டுநர் அறையும் பின்னே மூடியில்லாச் சரக்குத் தட்டும் உடையது அது. ஜெர்மானியராகிய ருடால்ப் டீசல் 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய எஞ்சின் வகை, கப்பலையும் பெருலாரியையும் ஆட்கொண்ட பின்னர், இச்சிறு லாரிகளிலும் புகுந்தது. போர்டு கம்பெனியார் 1983இல் 6.9 லிட்டர் டீசல் எஞ்சினையும், டாட்ஜ் கம்பெனியார் 1989இல் கம்மின்ஸ் எஞ்சினையும் தம் பிக்கப்களில் அமைத்தனர். அதுமுதல் பெரும்பாரம் இழுக்க விரும்புவோர் டீசல் வண்டியையே நாடலாயினர்.

பாரம் இழுக்கும்பொழுதுதான் எண்ணெய்க் கவலை தொடங்குகின்றது. வெறுவண்டியாய் ஓடுங்கால் ஒரு காலனுக்கு இருபது மைல் செல்லும் பிக்கப், பின்னே குதிரை வண்டியையோ வீட்டு வண்டியையோ இழுக்குங்கால் பத்து மைலே செல்லும். (ஈண்டுக் காலன் என்பது அமெரிக்கக் காலன், ஏறக்குறைய 3.8 லிட்டர்.) முதற்கலம் 26 காலன் கொள்ளுமெனின், 260 மைலில் அது வறண்டுவிடும். நகர்ப்புறத்தில் இஃதொரு பொருட்டன்று. அலாஸ்காவில் நிலைமை வேறு. அங்கே எண்ணெய்க் குழாய்த் திட்டத்திற்காக 1974இல் அமைத்த டால்டன் நெடுஞ்சாலை, பேர்பாங்க்ஸ் நகர்க்கு வடக்கே தொடங்கி வடகடலின் அருகுவரை 414 மைல் செல்கின்றது. அதில் கோல்டுபுட் என்னுமிடத்தை விட்டால், டெட்ஹார்ஸ் என்னுமிடம் சேரும்வரை 240 மைலுக்கு எண்ணெய் விற்பாரில்லை. முன்னதன் பெயர் குளிர்ந்த பாதம் எனவும் பின்னதன் பெயர் செத்த குதிரை எனவும் பொருள்படும். வழிப்போக்கரை எச்சரிக்க வேறு பலகை வேண்டா. மேற்சொன்ன கணக்கின்படி பாரவண்டிக்காரர் கையில் மிஞ்சுவது 20 மைலுக்குரிய எண்ணெய். எதிர்காற்றும் பனியும் அதனைக் குடித்துவிடும். மாரிக்காலத்தில் அங்கே வெப்பநிலை சுழிக்குக் கீழே நாற்பது பாகைக்கும் இறங்குவதுண்டு. அக்குளிரில் எஞ்சின் நின்றால் அடங்குவது வண்டி மட்டுமன்று.

சேமக்கலம் அமைப்பார் பலவழிப்படுவர். சிலர் முதற்கலத்தையே கழற்றிவிட்டு, அவ்விடத்திற்கேற்பச் செய்த பெருங்கலத்தைப் பொருத்துவர். இது நேர்மையான வழி. குழாய்களை மாற்ற வேண்டுவதின்று. ஆயின் வண்டியின் அடிப்புறத்து இடம் அளவுபட்டதாகலின் வேண்டிய அளவு பெறல் அரிது. சிலர் சரக்குத் தட்டில் ஒரு கலத்தை வைத்து, அதினின்றும் முதற்கலத்திற்கு எண்ணெயை இறக்குவர். சிலர் எஞ்சின் இரண்டு கலங்களில் யாதினின்றும் நேரே உறிஞ்சுமாறு வால்வு அமைப்பர். இம்மூன்றினும் வேறாக, வயலிலுள்ள டிராக்டருக்கு எண்ணெய் கொண்டுபோவதற்கென்றே தட்டில் வைக்கும் கலமும் உண்டு. அதற்கும் வண்டியின் எஞ்சினுக்கும் தொடர்பிராது. இது சுமையே, சேமக்கலமன்று. சட்டமும் இவ்வேறுபாட்டைப் போற்றுகின்றது. சுமையாகக் கொண்டுசெல்லும் கலம் 119 காலனுக்கு மேற்பட்டதாயின், எரிபொருட் சுமைக்குரிய அடையாளப் பலகை முதலிய கட்டுப்பாடுகள் வந்து சேரும்.

இனி, எஞ்சின் நேரே உறிஞ்சும் முறையை முதற்கண் ஆராய்வாம். இதில்தான் அறியாதார் மிகுதியும் இடர்ப்படுகின்றனர். எண்ணெய் தொட்டியினின்றும் எஞ்சினுக்குச் செல்கின்றது, அங்கே எரிந்தொழிகின்றது என்றே நம்மனோர் பலரும் எண்ணுவர். டீசல் எஞ்சினில் அவ்வாறன்று. பம்பு, எஞ்சினுக்கு வேண்டுவதினும் மிகுதியாகவே எண்ணெயை வாங்குகின்றது. ஒருபகுதி இஞ்செக்டர் வழியே சிலிண்டருட் பாய்ந்து எரியும். எஞ்சியது, பம்பையும் இஞ்செக்டரையும் குளிர்வித்து, மசகிட்டு, உட்புகுந்த காற்றுக்குமிழிகளையும் உடன்கொண்டு, வேறொரு குழாய் வழியே தொட்டிக்கே திரும்புகின்றது. முன்னதைச் செல்குழாய் எனவும் பின்னதை மீள்குழாய் எனவும் கூறுவோம். மீள்குழாயில் வரும் எண்ணெய் வெதுவெதுப்பாயிருக்கும். எஞ்சின் வகைக்கேற்ப, எரிந்த அளவினும் மீண்ட அளவே பெரிதாயிருத்தலும் உண்டு.

இப்பொழுது ஒருவர் சேமக்கலத்தினின்று ஒரு செல்குழாயை மட்டும் எஞ்சினுக்கு இழுத்து, மீள்குழாயை முன்போலவே முதற்கலத்திற்கு விட்டுவிட்டார் என்று கொள்வோம். எஞ்சின் மணிக்கு 4 காலன் எரித்து 20 காலன் திருப்புவதாகவும் கொள்வோம். முதற்கலம் நிறைந்திருக்கின்றது. ஓட்டுநர் சேமக்கலத்திற்கு மாறுகின்றார். மணியொன்றுக்குச் சேமக்கலத்தினின்று 24 காலன் புறப்படுகின்றது. அவற்றுள் 20 காலன் ஏற்கெனவே நிறைந்த முதற்கலத்திற் போய் விழுகின்றது. மூன்று நிமிடத்திற்கு ஒரு காலன். மூடியின் வழியாகவோ காற்றுக்குழல் வழியாகவோ எண்ணெய் வெளிப்பட்டுச் சாலையில் ஒழுகும். பின்வருவோர் சக்கரம் அதில் வழுக்கும். மற்றொரு புறம், 48 காலன் கொண்ட சேமக்கலம் பன்னிரண்டு மணிநேரம் தாங்கும் என்று நம்பியவர், இரண்டே மணியில் அது வறண்டது கண்டு திகைப்பர். கள்வர் யாரும் எடுத்திலர். எஞ்சின் நாணயமாகத் திருப்பித் தந்ததைத் தவறான இடத்திற் சேர்த்ததே அதற்குக் காரணம்.

இதுபற்றியே இரட்டைக்கல வண்டிகளில் ஆறுவாய் வால்வு வழங்குகின்றது. எஞ்சினை நோக்கிய இரு வாய்கள், செல்லவும் மீளவும், ஒவ்வொரு கலத்தையும் நோக்கி இவ்விரண்டு வாய்கள், ஆக ஆறு. ஓட்டுநர் தம் முன்னுள்ள விசையைத் தட்டியவுடன் சிறு மின்மோட்டார் ஒன்று செல்வழியையும் மீள்வழியையும் ஒருங்கே மாற்றும். எண்ணெய் அளவு காட்டும் முள்ளின் மின்கம்பியையும் அதனோடு மாற்றும் வகை உண்டு. இவ்வால்வின் உள்ளுறுப்பு தேய்ந்து செல்வழி முழுதும் மாறி மீள்வழி அரைகுறையாய் மாறினும், மேற்சொன்ன கேடே விளையும். ஆதலின் ஒரு கலத்தின் எண்ணெய் காரணமின்றி ஏறுவது கண்டால் மகிழாது ஐயுறல் வேண்டும்.

செல்குழாய்பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சில வண்டிகளில் தொட்டியருகே பம்பு வைத்து எண்ணெயைத் தள்ளுவர். செவ்ரொலே பிக்கப்களில் 2001ஆம் ஆண்டுமுதல் வந்த டூராமாக்ஸ் எஞ்சினின் முதல் வகைகளில் அவ்வாறின்றி, எஞ்சினருகே உள்ள பம்பே நெடுந்தொலைவினின்று உறிஞ்சியது. தள்ளும் குழாயில் இணைப்பு நெகிழ்ந்தால் எண்ணெய் சொட்டும், கண்ணுக்குப் புலனாகும். உறிஞ்சும் குழாயில் நெகிழ்ந்தாலோ எண்ணெய் சொட்டாது, காற்று உட்புகும். தரையில் ஈரமில்லை, எஞ்சினோ விக்கி நிற்கும். சேமக்கலத்திற்கென்று புதிதாகச் சேர்க்கும் ஒவ்வோர் இணைப்பும் இவ்வாறு காற்றுக்கு ஒரு வாயிலாகலாம். குழாய் சற்றுப் பெரிதாகவும் வளைவு குறைவாகவும் இணைப்பு மிகச் சிலவாகவும் இருத்தல் நன்று.

தட்டிலுள்ள கலத்தினின்று முதற்கலத்திற்கு எண்ணெய் இறக்கும் முறையில் இத்தொல்லை இல்லை. எஞ்சினின் இரு குழாய்களும் முதற்கலத்தோடு நின்றுவிடுகின்றன. பம்பு வைத்து இறக்குவாரும் உளர். தானே வழிந்திறங்க விடுவாரும் உளர். பின்னதே மலிவானது. தட்டு முதற்கலத்திற்கு மேலே இருத்தலின், சேமக்கலத்தின் அடியினின்று ஒரு ரப்பர்க் குழாயை இறக்கி, முதற்கலத்தின் நிரப்பு குழாயிற் சேர்த்துவிட்டால், நீர் மேட்டினின்று பள்ளத்திற்குப் பாய்வதுபோல எண்ணெய் பாயும். முதற்கலத்தில் இடமுண்டாகுந்தோறும் தானே நிரம்பும். எளிமையான ஏற்பாடு, எளிமையினால் மயங்கற்க. மேற்கலத்து எண்ணெய் மட்டம் முதற்கலத்தின் மூடிக்கு மேலே நிற்கின்றது. அறியாத ஒருவர் முதற்கலத்தின் மூடியைத் திறந்தால் மேற்கலம் முழுதும் அவ்வழியே வெளியேற முயலும். மூடி இறுகப் பொருந்தாவிடின் இரவெல்லாம் கசிந்து, விடியலில் வண்டி எண்ணெய்க் குளத்தில் நிற்கும். ஆகவே முதற்கலம் நிறைந்தவுடன் வழியடைக்கும் மிதவை வால்வு ஒன்றும், சேமக்கலத்தின் அடிவாயிலேயே கையால் திருகி மூடும் குழாயடைப்பு ஒன்றும் கட்டாயம் வேண்டும். வண்டியை நிறுத்தும்பொழுதெல்லாம் அடைப்பை மூடுதல் முறை. இம்முறை டீசலுக்கே உரியது. பெட்ரோல் சுழிக்குக் கீழே நாற்பது பாகைக் குளிரிலும் தீப்பற்றும் ஆவியை எழுப்பும். டீசலோ ஏறக்குறைய 52 பாகை சென்டிகிரேடு சூடேறினாலன்றி அத்தகைய ஆவியைத் தாராது. எனினும் டீசல் தீப்பற்றாது என்று கருதுவது பேதைமை. சூடேறிய புகைக்குழாயின்மேல் அது நுண்துளிகளாய்த் தெறிக்குமாயின் எரியவே எரியும்.

அமெரிக்கக் கூட்டரசு, வாணிகத்திற்கு ஓடும் மோட்டார் வண்டிகளுக்கு வகுத்துள்ள விதிகளை இவ்விடத்து நோக்கினோம். இஞ்செக்டருக்கு எண்ணெய் தானே வழிந்திறங்குமாறு நேரே அமைத்தல் கூடாது. நிரப்பும்பொழுது நேர்கீழே சிந்தும் எண்ணெய் புகைக்குழாயின்மேலோ மின்கருவியின்மேலோ விழுதல் கூடாது. நிரப்புவாய், மக்கள் அமரும் அறைக்கும் சரக்கறைக்கும் வெளியே இருத்தல் வேண்டும். கலத்தின் எப்பகுதியும் முன்னச்சிற்கு முன்னே நீளலாகாது. இவையெல்லாம் யாரும் எதிர்பார்ப்பனவே. எம் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொன்று. இரு கலங்களுக்கிடையே மாற்றும் வால்வு எங்கே இருத்தல் வேண்டும் என்பதற்கு அவ்விதி இரண்டே இடம் தருகின்றது. ஓட்டுநர் சாலையினின்று கண்ணை எடுக்காமலே இருக்கையிலிருந்து இயக்கக்கூடிய இடம் ஒன்று. வண்டியை நிறுத்தி இறங்கினாலன்றி இயக்க முடியாத இடம் மற்றொன்று. இடைப்பட்ட இடம், அதாவது குனிந்து, துழாவி, ஒரு கையால் எப்படியோ எட்டிவிடக்கூடிய இடம், விலக்கப்பட்டது. இவ்விதியை எழுதியவர் மனித இயல்பை நன்குணர்ந்தவர்.

அடுத்துக் கனம். டீசல் எண்ணெய் ஒரு காலன் ஏறக்குறைய 3.2 கிலோகிராம். 100 காலன் கலம் நிறைந்தால் எண்ணெய் மட்டும் 320 கிலோகிராம். கலத்தின் எடை வேறு. ஐந்து ஆடவர் சரக்குத் தட்டில் எப்பொழுதும் அமர்ந்திருப்பதற்கு ஒப்பாகும் இது. வண்டி தாங்கும் மொத்த எடையை அமைத்தவர் பொறித்தே விற்கின்றனர். அதிற் சேமக்கலம் கொண்ட பங்கு போக எஞ்சியதே சரக்குக்கு உரியது. எடையினும் எடை நிற்கும் இடம் முதன்மையானது. முன்னச்சிற்கும் பின்னச்சிற்கும் இடை 3.6 மீட்டர் என்று கொள்வோம். கலத்தின் நடு, பின்னச்சிற்கு முன்னே 0.6 மீட்டரில் நிற்குமாயின், 320 கிலோவில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 53 கிலோ, முன்னச்சிற்குப் போகும். பின்னச்சு 267 கிலோ தாங்கும். அதே கலத்தை வசதி கருதி வாற்புறத்தில், பின்னச்சிற்குப் பின்னே 0.9 மீட்டரில் வைத்தால், நெம்புகோல் முறையால் பின்னச்சின்மேல் 400 கிலோ விழும். முன்னச்சு 80 கிலோ இலேசாகும். திசைதிருப்பும் சக்கரங்கள் முன்னவை. அவை தரையை இறுகப் பற்றாவிடின் வளைவில் வண்டி ஓட்டுநர் சொற்படி கேளாது. ஆகவேதான் விற்பனைக்கு வரும் கலங்கள் ஓட்டுநர் அறையின் முதுகையொட்டி நிற்குமாறு ஒடுக்கமாகவும் அகலமாகவும் செய்யப்படுகின்றன.

இக்கனமோ அசையாப் பொருளன்று. பாதி நிறைந்த கலத்தை ஏந்தியோடும் வண்டியைத் திடுமென நிறுத்தினால், வண்டி நின்ற பின்னரும் எண்ணெய் நில்லாது. திரண்டு முன்சுவரில் மோதி, மீண்டு பின்சுவரில் மோதும். குடம் பாதி நிறைந்தபோதே தளும்பும் என்பது நம் ஊர்ப் பெண்டிர் அறிந்ததே. கலத்தின் உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடுகளை நிறுத்தினால், எண்ணெய் ஒருங்கே பெயராமல் துளைவழியே சிறிது சிறிதாகப் பெயரும்; அலை மெலியும். கலத்தைத் தட்டின் மெல்லிய தகட்டில் மட்டும் திருகிவைத்தல் போதாது. தகடு நாளடைவிற் கிழியும். வண்டியின் அடிச்சட்டத்தோடு ஆணி சேரவேண்டும்.

இடம் தவறினால் வரும் கேட்டுக்கு அமெரிக்க வரலாற்றிலேயே பெயர்பெற்ற சான்றொன்று உண்டு. அவ்வண்டிகள் பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகளே. எனினும் பாடம் எண்ணெய் வகையைப் பொறுத்ததன்று. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியாரின் பெரும் பிக்கப்களில் 1972ஆம் ஆண்டு வகைவரை தொட்டி ஓட்டுநர் அறைக்குள்ளே, இருக்கையின் பின்புறம் இருந்தது. 1973 முதல் அதனை வெளியேற்றினர். வெளியேற்றியது நன்றே. வேண்டுவோர்க்கு இருபுறமும் ஒவ்வொன்றாக இரு கலம் பொருத்தவும், ஒவ்வொன்றும் 20 காலன்வரை கொள்ளவும் இடம் கிடைத்தது. ஆயின் அவ்விடம், வண்டியின் உறுதிக்கெல்லாம் உறைவிடமான அடிச்சட்டத்திற்கு வெளிப்புறம். சட்டத்திற்கும் பக்கத் தகட்டிற்கும் நடுவே. குதிரையின் இருமருங்கும் தொங்கும் பையைப்போல் அவை தொங்கின. பக்கவாட்டில் மற்றொரு வண்டி மோதினால் முதலில் நசுங்குவது தொட்டியே. மோதலிற் பிழைத்தும் தீயில் மாண்டோர் பலர் என்று வழக்குகள் எழுந்தன. 1988ஆம் ஆண்டுப் புதுவகை வண்டிகளில் கம்பெனியார் தொட்டியைச் சட்டத்தின் உட்புறம் மாற்றினர். பழைய வண்டிகளைத் திரும்பப் பெறவேண்டும் என்னும் வாதம் பின்னும் நீண்டு, 1994 டிசம்பரில் கம்பெனியார் 5 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையைப் பொதுப் பாதுகாப்புப் பணிகளுக்குத் தருவதென்று அரசாங்கத்தோடு உடன்பட, வண்டிகள் திரும்பப் பெறப்படாமலே முடிந்தது. மனித உயிருக்கும் பணத்தொகைக்கும் இடையே இவ்வாறு கணக்குத் தீர்த்தமை எமக்கு உடன்பாடன்று.

இவ்வழக்கில் மற்றொரு நிகழ்ச்சியும் குறிக்கத்தக்கது. 1992 நவம்பரில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தார் இவ்வண்டி மோதி எரிவதைக் காட்டினர். தீ தவறாமல் எழவேண்டும் என்று வண்டியின் அடியில் எரிகருவிகளை மறைத்துவைத்திருந்தமை பின்னர் வெளிப்பட, 1993 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டனர். குறை மெய்யாகவே இருந்த இடத்தில் பொய்ச்சான்று புகுந்து, மெய்ச்சான்றையும் ஐயத்திற்கு இடமாக்கிற்று. பட்டிமன்றம் பேசும் நம் நண்பர்கள் இதனைக் கருதுவார்களாக.

கலம் செய்யும் பொருள்பற்றி விரிவாகச் சொல்ல வேண்டுவதின்று. அலுமினியமோ இரும்புத் தகடோ தகும். துத்தநாகம் பூசிய தகடு மட்டும் தகாது. நீருக்கு அதுவே சிறந்ததாகலின் டீசலுக்கும் சிறந்ததெனப் பலர் மயங்குகின்றனர். எண்ணெயிலுள்ள அமிலப்பொருள் துத்தநாகத்தோடு சேர்ந்து சவர்க்காரம் போன்றதொரு பசையை உண்டாக்கும். அது வடிகட்டியையும் இஞ்செக்டரின் நுண்துளையையும் அடைக்கும். கலத்தை விளிம்புவரை நிரப்புதலும் ஆகாது. 100 காலன் டீசல், நிலத்தடித் தொட்டியின் குளிர்ச்சியினின்று வந்து வெயிலில் 30 பாகை சூடேறினால், ஏறக்குறைய இரண்டரைக் காலன் பெருகும். ஆதலின், 1973 முதற்கொண்டு செய்யும் கலங்கள், இயல்பாக நிரப்புமிடத்துக் கொள்ளளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் நிரம்பாதவாறு அமைதல் வேண்டும் என்பது முற்கூறிய விதிகளுள் ஒன்று.

நாட்கணக்காகப் பாதி வெறுமையாய் நிற்கும் கலத்தில் மற்றொரு பகை தோன்றும். இரவின் குளிரில் உட்காற்றின் ஈரம் சுவரில் வியர்த்து வடிந்து, எண்ணெயினும் கனமாகலின் அடியில் தங்கும். அந்நீருக்கும் எண்ணெய்க்கும் இடைப்பட்ட மெல்லிய எல்லையில் நுண்ணுயிர்கள் வாழத் தலைப்பட்டு, கருநிறச் சளிபோற் படர்ந்து வடிகட்டியை அடைக்கின்றன. இதற்காகச் செல்குழாயின் வாய் கலத்தின் அடியைத் தொடாமல் சற்றே மேலே நிற்கவும், அடியில் நீர்வடிக்கும் திருகு ஒன்று இருக்கவும் செய்வர்.

குளிர்நாட்டிற்குரிய இடையூறு மற்றொன்று. எம் நோக்கில் இதுவே மிக நுட்பமானது. டீசல் எண்ணெயில் மெழுகுப் பொருள் கரைந்துள்ளது. குளிர் மிகுந்தால் அது பிரிந்து எண்ணெயை மூட்டம் போடச் செய்யும். மேலும் குளிர்ந்தால் உறைந்த கூழாகி வடிகட்டியில் நின்றுவிடும். வடபுலத்து வணிகர் மாரிக்காலத்தில் இலேசான எண்ணெயைக் கலந்து, குளிர்தாங்கும் வகையாக்கியே விற்பர். தென்புலத்து வணிகர்க்கு அத்தேவை இல்லை. சிறுகலமுடைய வண்டி போகுமிடந்தோறும் அவ்வவ்விடத்து எண்ணெயையே வாங்கிக் குடித்தலின், பருவத்தோடு தானும் மாறிக்கொள்கின்றது. பெருங்கலம் உடையவரோ தெற்கே மலிவாய் நிரப்பிய எண்ணெயை ஆயிரம் மைலுக்கப்பால் உறைபனிக்குள் கொண்டுபோகின்றார். போதாக்குறைக்கு, முதற்கலத்திற்கு மீள்குழாய் வழியே வெதுவெதுப்பான எண்ணெய் வந்துகொண்டேயிருக்க, தட்டில் வெளிக்காற்றுப்பட நிற்கும் சேமக்கலத்திற்கு அவ்வெதுவெதுப்பும் இல்லை. எந்த எண்ணெயை இடருக்கென்று வைத்திருக்கின்றாரோ அதுவே முதலில் உறைகின்றது.

வரிபற்றிய செய்தி ஒன்றைக் குறித்துச் செல்வோம். சாலையில் ஓடும் வண்டியின் டீசலுக்கு அமெரிக்கக் கூட்டரசு 1993 முதல் காலனுக்கு 24.4 சென்ட் வரி வாங்குகின்றது. வயலில் உழும் டிராக்டரின் எண்ணெய்க்கு அவ்வரி இல்லை. வேறுபாடு தெரிதற்கு அதிற் செஞ்சாயம் கலந்திருப்பர். டிராக்டருக்கென்று தட்டிற் கொண்டுபோகும் செவ்வெண்ணெயைத் தம் பிக்கப்பின் முதற்கலத்திற்கு இறக்கியவர் அகப்பட்டால், ஆயிரம் டாலர் அல்லது காலனுக்குப் பத்து டாலர், இவற்றுள் எது மிகுதியோ அது தண்டம். சாயம் குழாயிலும் வடிகட்டியிலும் நெடுநாள் நின்று சான்று கூறும்.

இனி, எஞ்சியிருப்பது ஒரே வினா. இரண்டு கலமும் நிறைந்திருக்க, எதனை முன்னர்ச் செலவிடுவது? உமணர் சேமவச்சினை இறுதியிலன்றி அவிழ்த்திலர். முதலச்சு முறிந்தாலன்றி அதற்கு வேலையில்லை. அம்முறையையே பின்பற்றி, முதற்கலம் வறண்ட பின்னர்ச் சேமக்கலத்தைத் தொடலாம் என்றே எவர்க்கும் தோன்றும். ஆனால் அச்சு வேறு, கலம் வேறு. அச்சு வெறும் மரம். அதன் நலம் கண்ணாற் கண்டே அறியத்தக்கது. கலமோ வால்வும் பம்பும் குழாயும் வடிகட்டியும் ஒருங்கே இயங்கினாலன்றிப் பயன்படாதது. அவை இயங்குகின்றனவா என்பது இயக்கிப் பார்த்தாலன்றித் தெரியாதது. ஆகவே சேமக்கலத்தையே முன்னர்ச் செலவிடுதல் வேண்டும்.

டால்டன் சாலைக்கே மீளுவோம். கோல்டுபுட்டில் முதற்கலம் 26 காலனும் சேமக்கலம் 50 காலனும் நிறைத்துப் பாரவண்டிக்காரர் ஒருவர் வடக்கே புறப்படுகின்றார். முதற்கலத்தை முன்னர்ச் செலவிடுவாராயின், 240ஆம் மைலுக்குச் சற்று முன்போ, காற்று எதிர்த்தால் 200ஆம் மைலிலோ அது வறளும். அப்பொழுது சேமக்கலத்திற்கு மாற்ற, வால்வு அசையாதிருந்தாலும் எண்ணெய் கூழாய்ப் போயிருந்தாலும், 50 காலன் எண்ணெயை முதுகிற் சுமந்துகொண்டே பனியில் நிற்பார். சேமக்கலத்தை முன்னர்த் தொட்டாரெனின், வடிகட்டி அடைபட்டதோ காற்றுப் புகுந்ததோ வால்வு பழுதானதோ, முப்பதாவது மைலிலேயே எஞ்சின் விக்கி அறிவித்துவிடும். முதற்கலம் தொடப்படாமல் நிறைந்தேயிருக்கின்றது. கோல்டுபுட் முப்பது மைல் பின்னே. திரும்பிச்செல்ல மூன்று காலன் போதும்.